ஒரு வாசகியைத் தக்கவைத்துக்கொள்ளல்

மின்விசிறி என் வீட்டில்தான் இருக்கிறது. மனுவில் அதுதான் முதலாவது குற்றச்சாட்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் தொங்கியபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாருடைய தலையில் இறங்கலாம் என்று தேடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க எடுத்துச் சென்றேன். சரியாகப் பழுதுபார்த்தார்களா என்று அறிய வீட்டில் மாட்டினேன். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்றாகத்தான் சுற்றுகிறது.

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை நூலகத்தை மூடிவைப்பதும் உண்மை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வேன். வாசகர்களும் கண்ணயர்கிறவர்கள்தான், ஆனால் அவர்கள் அதை நூலகம் திறந்திருக்கும்போது செய்கிறார்கள். பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் பேனாவால் நிரப்பிவிடுகிறேன் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். சில சொற்கள் பிழையாக இருந்திருக்கலாம்.

நான்காவதைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாவது குற்றச்சாட்டு ஒரே வரி: "தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு அநியாயம் செய்தார்." உங்கள் திணைக்களம் அனுப்பிய பிரதியில் அதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். மின்விசிறியைப் பற்றி அரைப் பக்கம் கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கேள்விக்குறி மட்டும்தான். என்னைக் கேட்டால் இந்த மனுவில் விளக்கம் எழுதத் தகுந்த விடயம் இது ஒன்றுதான். அநியாயம் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

மனுவில் பெயர் இல்லை. எழுதியவர் எங்கள் நூலக உதவியாளர் ஜுனைதீன் நானா. இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவருடைய 'ழ' எப்படிச் சுழியும் என்று எனக்குத் தெரியாதா. அவர்மீது கோபமில்லை. இன்று காலையும் அவர்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி சற்றுக் குறைவாக இருந்தது.

நீங்கள் எங்கள் நூலகத்துக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன். ரத்தோட்டைப் பக்கத்தால் ரிவர்ஸ்டன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் எங்கள் ஊரில் வேனை நிறுத்தி வடை வாங்குவார்கள். வடைக்கடைக்கு எதிரே சந்தைக் கட்டடம். அதன் மேல்மாடியில் நாங்கள், கீழே கருவாட்டுக் கடைகள். எங்களிடமிருந்து இரவல் போகும் நூல் காதல் கதையானாலும் சமய நூலானாலும் கருவாட்டு வாசனையோடுதான் போகும். ஆட்கள் பழகிவிட்டார்கள்.

ஆட்கள் என்றால் யார் என்பதையும் சொல்லவேண்டும். மழைக்கு ஒதுங்குகிறவர்கள். ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவர்கள். எங்கள் உசாத்துணைப் பகுதியில் மிக அதிகமாகப் பயன்பட்டது சுவரில் உள்ள இரண்டு ப்ளக் பொயின்ட்கள்தான். கலைக்களஞ்சிய அலமாரிக்குப் பின்னால் போய் உட்காரும் சோடிகள். அவர்களுடைய புண்ணியத்தில் அந்தத் தொகுதிகளில் தூசி படிவதில்லை. பிறகு விண்ணப்பக்காரர்கள். நலன்புரிக் கொடுப்பனவு, பாஸ்போட், அது இது என்று எல்லாம் இணையத்துக்குப் போனபிறகு, மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் நின்ற வரிசை எங்கள் ஒற்றைக் கணினிக்கு முன்னால் வந்து நின்றது. நான் நூலக விஞ்ஞானத்தில் டிப்ளோமா முடித்தவன். கடந்த சில வருடங்களாக நான் செய்தது மற்றவர்களுடைய அடையாள அட்டை இலக்கத்தைப் பெட்டிக்குள் தட்டுவதுதான். வந்தவர்களில் ஒருவராவது போகும்போது புத்தகம் ஒன்றைத் தொட்டாரா என்றால், ஒருவர் தொட்டார். மேசை ஆடாமலிருக்க நாங்கள் காலுக்குக் கீழே வைத்திருந்த அகராதியை, கால் தட்டுகிறது என்று தள்ளிவைத்தார்.

பொருளாதார நெருக்கடி வந்த வருடத்தோடு புத்தகம் வாங்குவது நின்றது. ஐந்து பத்திரிகை இரண்டானது. பிறகு ஒருநாள் பிரதேச சபைச் செயலாளர் திருமதி தினுஷா மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டு மேலே ஏறி வந்தார். இப்போது எல்லாரும் ஃபோனில்தானே வாசிக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நாளொன்றுக்கு முப்பது பேராவது புத்தகம் எடுக்காத கிளை நூலகங்களை மூடி, நடமாடும் நூலக வண்டியோடு சேர்த்துவிடுவார்களாம். உடற்பயிற்சி நிலையக்காரர் ஒருவர் ஏற்கனவே வந்து எங்கள் மேல்மாடியை அளந்துகொண்டு போயிருந்தார். கவிதைப் பகுதி இருக்கும் இடத்தில் ஓடும் இயந்திரம் வைப்பதாக யோசனை. என்னை வில்கமுவவுக்கு மாற்றுவதாகவும் யோசனை.

வில்கமுவ நல்ல ஊர். நெல் விளையும், பஸ்ஸும் எப்போதாவது வரும். அங்கே போகப் பயந்துதான் நான் எல்லாவற்றையும் செய்தேன் என்று ஜுனைதீன் நானா நினைக்கிறார். அது சரியல்ல. நான் நூலகத்தைத்தான் நினைத்தேன். என் மூட்டுவலியையும் நினைத்தேன், ஆனால் இரண்டாவதாக.

நான்காவது குற்றச்சாட்டுக்கு இப்போது வருகிறேன். முதலில் இலகுவான வழியைத்தான் பார்த்தேன். நானே புத்தகங்களில் திகதி முத்திரை குத்தினேன். ஜுனைதீன் நானாவின் பெயரில் பதினொரு சமையல் புத்தகங்கள். தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் அவர் அடுப்பில் வைத்ததில்லை. மார்ச் மாதமே மௌத்தாகி அடக்கம் செய்யப்பட்ட ஓய்வுபெற்ற தபாலதிபர் அப்துல் ஸமத், மே மாதத்தில் ஆறு நாவல்கள் எடுத்ததாகப் பதிந்தது என் கவனக்குறைவு. கணக்காய்வுக்கு வந்தவர் அந்த வீட்டுக்கே ஃபோன் பண்ணிவிட்டார். மகள் ஸுலைஹா, "வாப்பா இருக்கிற எடத்துல லைட் இல்லயே, என்னத்துல வாசிக்கிறாராம்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு, உயிரோடு இருப்பவர்களின் கையெழுத்து வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உயிரோடு இருக்கும் வாசகர் என்று எங்களிடம் ஒருவர்தான் இருந்தார்.

ஹம்சிகாவின் வீடு மலையில், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில். அங்கிருந்து மூன்று மைல் இறக்கம். அப்பா இல்லை. அம்மா ரஜிதா கொழுந்து பறிக்கிறவர். ஒன்பதாம் வகுப்பில் வரத் தொடங்கியவள் சிறுவர் பகுதியை முடித்து, நாவல்களை முடித்து, நான்கூடத் திறந்து பார்த்திராத அரசியலமைப்பு நூல்களுக்குப் போய்விட்டாள். வாசித்துவிட்டுச் சும்மா இருப்பவளுமல்ல.

"சேர், இதுல கடைசி பதினாறு பக்கம் இல்ல," என்று ஒருநாள் ஒரு துப்பறியும் நாவலோடு வந்து நின்றாள்.

"தெரியும்."

"அப்ப யாரு கொலகாரன்னு எப்பிடிங்க சேர் கண்டுபிடிக்கிறது?"

"அதை யோசிக்கத்தானே வாசிக்கிறது," என்றேன்.

அடுத்த வாரம் அந்தப் பதினாறு பக்கத்தையும் அவளே எழுதிக்கொண்டுவந்து புத்தகத்துக்குள் செருகிவிட்டாள். அச்சில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அந்தப் பிரதி இன்னும் இரவலில் போகிறது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள். முதல் வாரம் ஆறு பேர். இரண்டு மாதத்தில் நாற்பதைத் தாண்டியது. வாசிப்பு வட்டம் என்று பெயர் வைத்தாள். ஆளுக்கு ஆள் கதை சொல்ல வைத்தாள், சண்டை போட வைத்தாள். பிள்ளைகளின் தாய்மாரும் வந்து அங்கத்துவம் எடுத்தார்கள். எல்லாரும் உயிரோடு, சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டார்கள். திருமதி தினுஷா மீண்டும் வந்தார், இந்த முறை லேஞ்சி இல்லாமல். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை இருக்கிற வரைக்கும் இதை மூட முடியாது போலிருக்கே," என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் உத்தியோகத்தன், செயலாளர் சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்வது என் பழக்கம்.

பரீட்சை முடிவுகள் வந்தன. ஹம்சிகாவுக்கு மூன்று பாடத்திலும் ஏ சித்தி. மறுநாளே தாயும் மகளும் மலையிறங்கி வந்தார்கள். ரஜிதா ஒரு பை நிறையப் பட்டர்ஃபுரூட் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டேயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், எங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலயெல்லாம் வெளங்காதுங்க. நீங்கதான் பாத்து செஞ்சி குடுக்கணும். எங்க டிவிசன்ல இதுவரைக்கும் ஒருத்தரும் கெம்பஸ் போனதில்லங்க."

"அதுக்குத்தானே லைப்ரரி இருக்கு," என்றேன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப ஒன்றரை மணித்தியாலம் சென்றது. முதலாவது விருப்பம் சட்டம். அவர்களுடைய ஃபோனுக்குத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் என் இலக்கத்தைக் கொடுத்தேன். மின்னஞ்சலுக்கு நூலகத்தின் முகவரி. அந்த நேரம் எனக்கு வேறு எந்த எண்ணமும் இருக்கவில்லை. ரஜிதாவின் பெயரை எழுத்துக்கு எழுத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். விண்ணப்பத்தில் ஒரு பிழையும் கிடையாது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'சேமி', மற்றது 'சமர்ப்பி'. அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிறுத்தினேன். கீழே சந்தையில் யாரோ நெத்தலிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் சொன்னது ஞாபகம் வந்தது. சனிக்கிழமை நாற்பது பிள்ளைகள், பிறகு உடற்பயிற்சி நிலையக்காரர், அவருடைய அளவு நாடா. நான் அம்புக்குறியை நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

"நீயே அமத்து. ஒன்ட விண்ணப்பம்தானே," என்றேன்.

ஹம்சிகா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். ரஜிதா கணினியைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பக்கத்தை மூடினேன். முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

அவள் அழுத்தியது 'சேமி'. அம்புக்குறியை அங்கே வைத்தவன் நான்.

அவசரப்பட்டுச் செய்தேன் என்று யாரும் எழுதிவிடக்கூடாது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் இருபது நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாள் காலையும் கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். விண்ணப்பம் பத்திரமாக இருந்தது. ஒரு விரலால் தட்டினால் போய்விடும். இருபது நாளும் நிதானமாக யோசித்துத்தான் தட்டாமல் விட்டேன். இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்று என் ஃபோனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. மிகவும் மரியாதையான தமிழ்.

சான்றிதழ்ப் பிரதிகளைக் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவதாக வாங்கி வைத்துக்கொண்டேன். பதிவுத் தபாலும் அனுப்பினேன். நான் அவளிடம் கொடுத்த பற்றுச்சீட்டு உண்மையானது, முகவரியும் உண்மையானது. உள்ளே இருந்தது, தங்களிடம் பழைய சஞ்சிகைகள் மிகுதியாக இருந்தால் எங்கள் நூலகத்துக்கு அன்பளிப்புச் செய்ய முடியுமா என்று கேட்ட கடிதம். இதுவரை பதில் இல்லை. சான்றிதழ்ப் பிரதிகளை ஒரு கோப்பில் போட்டு, 340ஆம் இலக்க அலமாரியில் வைத்தேன். 340 சட்டத்துக்குரிய இலக்கம். எந்தப் பொருளையும் அதற்குரிய இடத்தில் வைப்பவன் நான்.

மாதங்கள் போயின. ஹம்சிகா ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள், நான் தாமதம் என்பேன். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் பத்திரிகையில் வந்த அன்று மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"சேர், எனக்குக் கூடவே இருக்குங்க. சட்டத்துக்கே கூட இருக்கு."

சந்தோஷம் என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் நூலகத்து வாசகி அல்லவா.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் வந்தது, அவளுக்கு வரவில்லை. என்னிடம் சொல்லாமல் தாயும் மகளும் விடியக்காலையில் புறப்பட்டு, மாத்தளையிலிருந்து ரயிலில் கண்டிக்குப் போய், அங்கிருந்து கொழும்பிலுள்ள அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். பற்றுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரஜிதா கையிலேயே வைத்திருந்தாராம். இரண்டு நாள் கழித்து ஹம்சிகா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நான் கடைசியா அமத்துனது பிழையாமுங்க சேர். சேவ் பண்ணிட்டு அப்பிடியே விட்டுட்டேனாம். தபால்ல அனுப்புனது மட்டும் பத்தாதாம். இனி ஒண்ணும் செய்யேலான்னு சொல்லிட்டாங்க. கொழும்புலருந்து மாத்தளை வரைக்கும் அம்மா என்னோட பேசவே இல்ல."

"பரவாயில்ல. யாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன்.

அவள் அழுதாள். மேசையில் இருந்த புத்தகங்கள் நனையாதபடி சற்றுத் தள்ளிவைத்தேன்.

நான் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. நல்ல தமிழில் ஒரு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். அதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி நானே வாங்கியும் கொண்டேன். அதுவும் 340இல் இருக்கிறது. இன்னொரு முறை பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் கையில் ஓர் உத்தியோகம் இருப்பது நல்லது என்று சொல்லி, சபையோடு பேசித் தற்காலிக உதவியாளராக அவளை எடுக்க வைத்தேன். யார் இவ்வளவு செய்வார்கள். இப்போது முத்திரை குத்துவதும் அட்டவணை எழுதுவதும் அவள்தான். அந்த ஒக்டோபரில், வாசிப்பு மாதத்தில், சிறந்த கிளை நூலகம் என்று எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. படத்தில் நான் நடுவில் இருக்கிறேன். ஹம்சிகாவைப் பூச்சாடி மறைத்துவிட்டது. முன்புபோல அதிகம் பேசுவதில்லை, சனிக்கிழமைப் பிள்ளைகளோடும் குரல் உயர்த்துவதில்லை. நூலகத்துக்கு அது ஏற்ற குணம்தான்.

போன மாதம் ஜுனைதீன் நானா அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடித்தார். கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சேர், இது ஹம்சிகா புள்ளட சேட்டிபிகட்தானே?"

"ஓம்."

"கொழும்புக்கு அனுப்பினதுண்டு சொன்னீங்களே."

"ஒரு பிரதி இங்கே இருக்கட்டும் என்று வைத்தேன்."

அவர் மேன்முறையீட்டையும் எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்தை அவருக்கும் தெரியும்.

"அந்தப் புள்ள தன்னத்தான் ஏசிக்கிட்டுத் திரியுது. இத நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது நானா? லைப்ரரியை மூடினா ஒங்கட பென்ஷனுக்கு முந்தி ஒங்களையும் எங்கயாச்சும் தூக்கிப் போடுவாங்க," என்றேன்.

அவர் கோப்பை இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகுதான் உங்களுக்கு மனு வந்தது. மின்விசிறியையும் குறுக்கெழுத்தையும் முன்னால் போட்டு, சொல்லவந்ததைக் கடைசியில் ஒரே வரியாக எழுதியிருக்கிறார். பயந்த மனிதர்.

ஆகவே ஐந்தாவது குற்றச்சாட்டுக்கான என் விளக்கம் இதுதான். ஹம்சிகா பல்கலைக்கழகம் போகாமல் தடுத்தவன் நான். தெரிந்தே செய்தேன், தனியாகச் செய்தேன். சட்டம் படித்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசகர்கள் அப்படியல்ல. நடவடிக்கை எடுக்கும்போது இதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இந்த விளக்கத்தின் முதல் நான்கு பக்கங்கள் தட்டச்சிலும் மிகுதி கையெழுத்திலும் இருப்பதற்கு மன்னிக்கவும். எனக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. அலுவலகக் கடிதங்களை ஹம்சிகாதான் தட்டச்சு செய்வாள். காலையிலிருந்து எழுதி முடித்த ஒவ்வொரு தாளையும் அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது. அவளைப் பற்றி நல்லதாகவே எழுதியிருப்பதால் வாசித்தால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன்.

ஐந்தாவது தாள் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஜுனைதீன் நானா யாரும் கேட்காமலே போய்க் கோப்பை எடுத்து வந்து அவளுடைய மேசையில் வைத்தார். அவள் ஒவ்வொரு தாளாக, ஒழுங்கு குலையாமல் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"அப்ப நான் பிழையா அமத்தல்லதானே, சேர்?"

யோசித்துப் பார்த்தேன். நூலகரிடம் ஒருவர் தகவல் கேட்டால் சரியாகத்தான் சொல்லவேண்டும்.

"அமத்துன விரல் ஒன்டதுதானே," என்றேன்.

அவள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஜுனைதீன் நானாவும் கூடவே போனார். அவருக்குக் கடமை நேரம் நாலரை வரை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி, பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கமாக இருவரும் நடந்தார்கள். அவள் வேகமாக நடந்தாள். அவர் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

வந்துவிடுவாள். அவளுடைய பெயரில் இரண்டு புத்தகங்கள் வெளியில் இருக்கின்றன, தவணை வெள்ளிக்கிழமை. ஒருநாளும் தவணை பிந்தியவள் அல்ல.